அக்னெஸ் பார்த்த இடம்

பதினொரு வருடத்துக்கு முன்னர் ஓர் ஓகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை, புவாண்ட்-கிளேர் ஏரிக்கரைப் பூங்கா ஒன்றில், பங்குச் சுவாமியாரின் பிரசங்கத்தை ஒரு விமானம் அப்படியே விழுங்கிவிட்டது. அது போய் முடிய அடுத்தது வந்தது. முழங்காலில் இருக்கச் சொல்லி அடிக்கிற எழுந்தேற்ற மணியும் யாருக்கும் கேட்கவில்லை. முன்னால் நின்றவர்கள் முழங்காலில் இருப்பதைப் பார்த்துப் பின்னால் நின்றவர்களும் முழங்காலில் இருந்தார்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து வந்து மொன்றியலில் ஒரே கத்தோலிக்கப் பங்காய்ச் சேர்ந்த நூற்றைம்பது சனம், வருடத்துக்கொருமுறை வெட்டவெளியில் பூசை வைத்து, இறைச்சி வாட்டி, கயிறிழுத்துக் களைத்துப் போகிற ஒன்றுகூடல் அது. அந்த வருடம் இடம் பார்த்தவள் அக்னெஸ்.

அவள் ஏனோதானோவென்று பார்க்கவில்லை. நிழல் பார்த்தாள். கார் விட இடம் பார்த்தாள். கழிப்பறை எத்தனை அடி தூரம் என்று நடந்து எண்ணினாள். சின்னன்கள் கையை உதறிக்கொண்டு ஓடினால் தண்ணீர் எவ்வளவு கிட்ட என்றும் பார்த்தாள். ஆனால் போனது ஒரு புதன்கிழமை, சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் வேலை முடிந்த கையோடு. அன்றைக்குக் காற்று வேறு பக்கம். விமானங்களும் வேறு வழியால் போய்க்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை அவை பூங்காவுக்கு மேலால் வந்துவிட்டன.

பூசை முடிந்ததும் ஒன்றுகூடல் குழுத் தலைவர் நீக்கிலாப்பிள்ளை ஒலிவாங்கியைப் பிடித்தார். "அடுத்த முறை இடம் பாக்கப் போகேக்கை, அக்னெஸ் கண்ணை மட்டும் கொண்டு போகாமல் காதையும் கொண்டு போகவேணும் எண்டு தாழ்மையாய்க் கேட்டுக்கொள்ளுறன்" என்றார். அந்த வசனத்தின்போது பார்த்து ஒரு விமானமும் வரவில்லை. நூற்றைம்பது பேரும் தெளிவாகக் கேட்டுச் சிரித்தார்கள். அக்னெசும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்குப் போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

வேறொருத்தி என்றால் இந்தப் பொறுப்பும் வேண்டாம், இந்தச் சனமும் வேண்டாம் என்று விட்டிருப்பாள். அக்னெசுக்கு ரோசம் கொஞ்சம் அதிகம். அடுத்த வருடம் தானே கையைத் தூக்கிப் பொறுப்பை வாங்கினாள். ஒன்றுகூடலுக்கு மூன்று மாதம் இருக்கும்போதே, ஞாயிறு தவறாமல், வெளியில் பூசை நடக்கப்போகிற அதே நேரத்துக்கு, மடக்குக் கதிரையும் தேத்தண்ணிப் போத்தலும் ஒரு கொப்பியுமாய்ப் பூங்கா பூங்காவாகப் போய் இருந்தாள். காற்று எந்தப் பக்கம், வானம் எப்படி, மணித்தியாலத்துக்கு எத்தனை விமானம், எது தலைக்கு மேலால், எது தூரத்தால் என்று எழுதினாள். வடகிழக்குக் காற்றை வாடை என்றும் தென்மேற்குக் காற்றை சோளகம் என்றும்தான் எழுதினாள். மன்னார்க்காரிக்குக் காற்று வேறு பெயரில் வீசாது.

அவளுடைய மனுசன் அருமைராசா முதலில் பகிடி பண்ணினார். "விமான நிலையத்துக்காரர் உமக்குச் சம்பளம் தருகினமோ?" என்று கேட்டார். பேந்து அவரே புதுக் கொப்பி வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு அக்னெஸ் பார்த்த இடங்களில் சுவாமியார்மாருடைய ஒரு சொல்லும் காற்றோடு போகவில்லை. இறைச்சி வேகவில்லை என்று முறைப்பாடு வந்ததுண்டு. அது அவளுடைய பொறுப்பல்ல.

சினிமாவுக்குள் அவள் போனது நடிக்கத் தெரிந்தல்ல, வான் வண்டி ஓட்டத் தெரிந்து. தொழிற்சாலையை மூடியபோது அவளிடம் மிஞ்சியது ஓட்டுநர் பத்திரமும், பொதி கட்டும் மேசையில் கேட்டுப் பழகிய பிரெஞ்சும்தான். ஒரு படக் கொம்பனி, படப்பிடிப்புக்கு இடம் தேடித் திரிகிறவர்களை ஏற்றி இறக்க ஆள் தேடியது. போனாள். பின் ஆசனத்தில் இருந்து அந்த ஆட்கள் ஓயாமல் வாதாடுவார்கள். இந்தக் காடா அந்தக் காடா, இந்தக் கரையா அந்தக் கரையா என்று. இரண்டு மாதம் பொறுத்தாள். மூன்றாம் மாதம் ஒரு சிவப்பு விளக்கில் நிற்கும்போது வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது.

"அந்தக் கரை சரிவராது. பின்னேரம் நாலு மணிக்கு வெய்யில் நேரே கண்ணுக்குள்ளை குத்தும். லொறி திருப்ப இடமில்லை. கழிப்பறைக்கு எண்ணூறு அடி நடக்கவேணும்" என்றாள்.

வானுக்குள் சத்தம் நின்றது. இடம் தேடும் பிரிவுக்குத் தலைவியான கிஸ்லேன் முன்னால் எட்டி, "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நூற்றைம்பது பேரின் பூசைக்கு இடம் பார்த்திருக்கிறேன் என்று அக்னெஸ் சொன்னாள். கிஸ்லேனுக்கு விளங்கியதோ என்னவோ, அடுத்த வருடம் வான் ஓட்ட வேறொருவர் வந்தார். அக்னெஸ் பக்கத்து ஆசனத்துக்கு மாறினாள். பங்கில் செய்தி பரவிற்று. "எந்தப் படத்திலை வாறியள்?" என்று கேட்டார்கள். "படத்திலை நான் வாறேல்லை, நான் பாத்த நிலம் வருது" என்று அவள் சொன்னால், அது ஏதோ தாழ்வான வேலை போலத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

உண்மையில் அதுவரை அவள் பார்த்த நிலம் எதுவும் தனியே அவள் பெயரில் வரவில்லை. கிஸ்லேன் தேர்ந்தார், அவள் கூடப் போனாள். தானாகப் பார்த்த முதல் இடம் போன புரட்டாதியில்தான் அமைந்தது. அமைந்தது என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறேன். அது அவளை என்ன பாடு படுத்தியது என்பதுதான் கதை.

படம் இரண்டு சகோதரிகளைப் பற்றியது. நாற்பது வருடம் பேசாமல் இருந்தவர்கள் ஓர் ஆற்றங்கரைப் புல்வெளியில் சந்திக்கிறார்கள். அந்தச் சந்திப்பை ஒன்பது நிமிடம், ஒரே ஓட்டத்தில், வெட்டாமல் எடுப்பேன் என்று இயக்குநர் றேஜான் பிடிவாதமாய் நின்றார். குரலைப் பிறகு அறைக்குள் வைத்துப் பதிய அவருக்குச் சம்மதமில்லை. அங்கே பேசியது அங்கேயே பதிய வேண்டும். முழங்கால் உயரப் புல், பின்னால் ஆறு, தனியே ஒரு மரம், மூடிய வானம், மனித சத்தம் எதுவும் இல்லாத ஒன்பது நிமிடம். மூன்று மணித்தியாலம் ஓடினால் அப்படி எத்தனையோ இடம் உண்டு. ஆனால் மூத்த சகோதரியாய் நடிக்கிறவருக்கு எண்பத்திரண்டு வயது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காரில் இருக்கக்கூடாது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் இல்லாமல் றேஜான் படமே எடுக்கமாட்டார்.

கிஸ்லேன் காட்டிய ஆறு இடத்தையும் றேஜான் தள்ளிவிட்டார். ஏழாவதாய் அக்னெஸ் வாய் திறந்தாள். பியர்பொன்ட்ஸில், அவளுடைய வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடையில், பஸ் கடைசியாய்த் திரும்புகிற தெருவுக்குப் பின்னால் பழைய பண்ணைக்குச் சொந்தமான புல்வெளி ஒன்று இருந்தது. ஆறு இருந்தது, மரம் இருந்தது, புல்லும் இருந்தது.

எல்லாரும் வானில் போய் இறங்கினார்கள். றேஜான் நாலு அடி நடந்து, கண்ணைச் சுருக்கி, "ஆகா" என்று வாயைத் திறக்கும்போது மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு போயிற்று. அவர் மிச்ச ஆகாவை விழுங்கிவிட்டு விரலை மேலே காட்டினார். அவர் கேட்டது பிரெஞ்சில். எங்கள் பாஷையில் சொன்னால் இப்படி வரும்:

"இதுக்குக் கீழையோ ஒன்பது நிமிசம்?"

"இண்டைக்கு இல்லை" என்றாள் அக்னெஸ். "இண்டைக்குத் தென்மேற்குக் காத்து. விமானம் காத்தை எதிர்த்துத்தான் கிளம்பும்; வடகிழக்குக் காத்து அடிக்கிற நாள் மற்றப்பக்கத்தாலை போகும். இஞ்சை ஒண்டும் வராது. அந்தக் காத்தோடை முகிலும் வரும். உங்களுக்கு மூடின வானமும் வேணும், சத்தமில்லாமலும் வேணும். ரெண்டும் ஒரே காத்திலைதான் வரும்."

அப்படிச் சொல்லிவிட்டு, கைப்பையில் இருந்து கொப்பிகளை எடுத்துக் கொடுத்தாள். றேஜான் பக்கங்களைப் புரட்டினார். தமிழ் எழுத்து அவருக்குப் பூச்சி ஊர்ந்ததுபோல இருந்திருக்கும், ஆனால் திகதியும் நேரமும் எண்களும் எல்லாப் பாஷையிலும் ஒன்றுதான். இந்தப் புல்வெளிக்கு மட்டும் நாற்பத்தேழு நாள் எழுதியிருந்தாள். வாடை என்று எழுதிய நாட்களுக்கு நேரே விமானத்துக்குப் பூச்சியம், பூச்சியம், ஒன்று, பூச்சியம் என்று கிடந்தது.

"காத்தை நீ ஓடர் பண்ணுவியோ?"

"இல்லை. காத்திருப்பன்."

றேஜான் கணக்குச் சொன்னார். பத்து நாள் அவகாசம். அதில் ஒரே ஒரு நாள். அது எந்த நாள் என்று அக்னெஸ் அதற்கு முதல்நாள் மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டும். சரிவராவிட்டால் அந்தச் சந்திப்பை ஒரு வீட்டுக் குசினிக்குள் வைத்து எடுப்பார். அக்னெஸ் அடுத்த படத்தில் திரும்ப வான் ஓட்டலாம். கிஸ்லேன் ஏதோ சொல்ல வாயெடுக்க, அக்னெஸ் முந்திக்கொண்டு "சரி" என்றாள்.

முதல் மூன்று நாளும் பளிங்கு வெய்யில், சோளகம். நாலாம் நாள் வாடை என்று வானிலை அறிக்கை சொன்னது, மழையும் சொன்னது. வேண்டாம் என்றாள். மழை பெய்யவில்லை. மழையில்லாத அந்த வாடை நாள் முழுவதும் படக் கொம்பனியிலிருந்து கைத்தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாம், ஆறாம் நாட்களுக்கும் வேண்டாம் என்றாள். ஏழாம் நாள் கிஸ்லேன் கெஞ்சும் குரலில், "ஏதாவது ஒரு நாளைச் சொல்லிவிடேன், அக்னெஸ்" என்றார்.

அன்று, செவ்வாய்க்கிழமை பின்னேரம், அருமைராசா வேலையால் வந்து பார்த்தபோது, அவள் பின்வளவில் தோய்த்துப் போட்ட உடுப்பு எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உமக்கென்ன விசரே? பேசாமல் வானை ஓட்டிக்கொண்டு இருந்தால் நிம்மதியாய் இருந்திருக்கலாம்" என்றார்.

"வான் ஓட்டுறது பிழையான வேலையில்லை. ஆனால் எனக்குத் தெரிஞ்சதைத் தெரியாத மாதிரிக் காட்டிக்கொண்டு ஓட்டேலாது."

அவர் சுட்டுவிரலை வாயில் நனைத்து மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நாளையிண்டைக்கு மாறும் போலை கிடக்கு" என்றார். மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்குகிற மனுசனுக்குக் காற்றைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் அக்னெசுக்கு அது ஆறுதலாய் இருந்தது. அறிக்கையும் அதையேதான் சொன்னது. வியாழக்கிழமை காலை வாடை, மூடிய வானம், மழையில்லை. புதன்கிழமை பதினொன்றரைக்கு கிஸ்லேனை அழைத்து, "நாளைக்கு" என்றாள்.

வியாழன் விடிய ஆறு மணிக்கு அறுபது பேர் புல்வெளியில் நின்றார்கள். லொறிகள் திரும்பின, கழிப்பறைகள் கிட்ட நின்றன, கோப்பி வாசம் வந்தது. அவளுடைய கையில் இருந்த எல்லாம் சரியாய் இருந்தன. காற்று மட்டும் சோளகம். ஆறரைக்கு ஒரு விமானம். ஆறு முப்பத்துநாலுக்கு ஒன்று. ஏழு மணிக்குப் பிறகு வரிசை கட்டிக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றுக்கும் அறுபது பேரும் முதலில் மேலே பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள்.

அவள் மேலே பார்க்கவில்லை. புல்லைப் பார்த்தாள். எட்டு மணி, ஒன்பது மணி. புல் வீட்டுப் பக்கத்திலிருந்து ஆற்றுப் பக்கமாய்ச் சாய்ந்தபடியே நின்றது. பத்து மணிக்கு கிஸ்லேன் வந்து ஒரு கோப்பியைக் கையில் தந்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். அது திட்டுவதைவிட அதிகம் வலித்தது. அக்னெசுக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. றேஜான் மேல், அறிக்கை மேல், நனைந்த விரலோடு நின்ற தன் மனுசன் மேல். நேர்த்திக்கடன் வைக்கக் கூட மனம் வரவில்லை; அந்தோனியாரும் சோளகத்தோடு போய்விட்டார் என்று நினைத்தாள்.

பத்து இருபதுக்குக் காற்று விழுந்தது. புல் நிமிர்ந்து நின்றது. பத்து நாற்பதுக்கு ஆற்றில் சின்னச் சுருக்கங்கள் கரையை நோக்கி வரத் தொடங்கின, அவளுடைய முகத்தில் குளிர் பட்டது, புல் மறுபக்கமாய்ச் சாய்ந்தது. வாடை. அதன் பின்னால் சாம்பல் முகில் ஆற்றைத் தாண்டி வந்து வெய்யிலை மூடிற்று.

றேஜான் துள்ளி எழும்பினார். "நான் கேட்ட வெளிச்சம் வந்திட்டுது, வாங்கோ, எடுப்பம்!" என்று கத்தினார். மூத்த நடிகையைப் போர்வையோடு கூட்டி வந்தார்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நம்மவர்கள் சொல்வார்கள். அக்னெசின் கொப்பியில் பழமொழி வேறு. காற்று மாறினாலும் விமானம் உடனே மாறாது. புறப்படக் காத்து நிற்பவை பழைய வழியாலேயே கிளம்பி முடிய, இருபது நிமிடம் முதல் அரை மணித்தியாலம் போகும். பத்து வருடமாய் அவள் எழுதியது அது.

அவள் நடந்து போய்க் கமராவுக்கு முன்னால் நின்றாள்.

"இப்ப ஏலாது. இன்னும் அரை மணித்தியாலம்" என்றாள்.

"விலத்து. முகில் கலைஞ்சால்?"

"கலையாது."

"மேலை பார். ஒண்டும் இல்லை. பத்து நிமிசமாய் ஒண்டும் இல்லை!"

"வரும். நீங்கள் இப்பத் தொடங்கினால் ஆறாவது நிமிசத்திலை வரும். பேந்து இந்த அம்மாவைத் திரும்ப முதலிலையிருந்து நடிக்கச் சொல்லுவியளோ?"

றேஜானின் முகம் சிவந்தது. அறுபது பேரும் புல்லைப் பார்த்தார்கள். படப்பிடிப்பில் இயக்குநருக்கு முன்னால் போய் இடம் பார்க்கிறவள் நின்றதை அவர்களில் ஒருவரும் கண்டதில்லை. அக்னெஸ் விலகவில்லை. போர்வைக்குள் இருந்த நடிகைதான் வாய் திறந்தார்.

"றேஜான், நான் இந்தத் தொழிலிலை அறுபது வருசம் காத்திருந்தனான். அரை மணித்தியாலம் என்ன? எனக்கு ஒரு தேத்தண்ணி தரச் சொல்லு."

தேத்தண்ணி அக்னெசின் போத்தலில் இருந்துதான் போயிற்று. இஞ்சி போட்டது. பதினொரு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் ஒரு விமானம் தலைக்கு நேர் மேலால், வயிறு தெரிய, இரைந்துகொண்டு போனது. றேஜான் தன் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பதினொன்று நாலுக்கு இன்னொன்று. அதன் இரைச்சல் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது. அடுத்தது வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பதினொன்று பத்துக்குத் தூரத்தில், நகரத்துப் பக்கம், ஒன்று மறுவழியால் ஏறுவது ஈயளவில் தெரிந்தது. சத்தமில்லை.

"இப்ப எடுங்கோ" என்றாள் அக்னெஸ்.

அந்த ஒன்பது நிமிடமும் அவள் நடிப்பைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். புல் உரசியது. ஆறு கரையை நக்கியது. மூத்த சகோதரி எதையோ கேட்க இளையவள் வெகுநேரம் மறுமொழி சொல்லாமல் நின்றாள். அந்த மௌனத்தில் புகுந்துவிட ஒரு விமானத்துக்கு, ஒரு லொறிக்கு, ஒரு நாய்க்கு எவ்வளவோ இடம் இருந்தது. ஒன்றும் புகவில்லை. கடைசியில் இளையவளின் அழுகை வந்தது. மெல்லிய அழுகை. பத்தடிக்கு அப்பால் நின்ற அக்னெசுக்கு அதன் ஒவ்வொரு மூச்சும் கேட்டது.

"போதும்" என்றார் றேஜான், அதையும் இரகசியமாய். கை தட்ட எல்லாரும் கையெடுத்தார்கள். அப்போது ஒலிப்பதிவாளர் கய்த்தான் உள்ளங்கையை விரித்து மேலே தூக்கினார். பெரிய தாடிக்காரர். மன்னாரில் கயித்தான் என்று ஒரு சிற்றப்பா இருந்ததால் அக்னெசுக்கு முதல்நாளே அவரைப் பிடித்துப்போயிற்று.

"ஒருத்தரும் அசையவேண்டாம்" என்றார்.

அது அவருடைய தொழில் வழக்கம். பேச்செல்லாம் முடிந்த பிறகு, ஆள் சத்தம் ஒன்றுமில்லாமல், அந்த இடத்தின் வெறும் ஒலியை மட்டும் ஒரு நிமிடம் தனியே பதிந்து எடுப்பார். பிறகு படத்தைத் தொகுக்கும்போது அதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும். பதியத் தொடங்குமுன் ஒலிவாங்கியில் திகதியையும் இடத்தின் பெயரையும் சொல்லிவைப்பார். கையில் இருந்த தாளில் பண்ணையின் பெயர் எழுதியிருந்தது. கய்த்தான் தாளைப் பார்த்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, திகதியைச் சொல்லி, "அக்னெசின் இடம்" என்றார்.

அறுபது பேரும் நின்ற நிலையில் நின்றார்கள். றேஜான் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். கிஸ்லேன் ஒரு காலைத் தூக்கியவர் அதைக் கீழே வைக்கப் பயந்து நின்றார். அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அவளுடைய இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்னெசுக்குப் பெருமை தாங்க முடியவில்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கி, மூக்காலும் வடியத் தொடங்கியது. கைக்குட்டை சட்டைப்பைக்குள்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை. மூக்கை உறிஞ்சினால் அது படத்தில் விழுந்துவிடும்.